“லேயர் காணோம் சார்”: க்யூஜிஐஎஸ் புகார்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

ஏரி மீட்புக் குழு, கல்லூரி ஆய்வகம், நகராட்சிப் பொறியியல் பிரிவு, நில அளவை செய்யும் சிறு நிறுவனம் என்று எங்கே க்யூஜிஐஎஸ் (வரைபடமும் நிலத் தரவும் கையாளும் இலவச மென்பொருள்) ஓடினாலும், எல்லாக் கேள்வியும் யாரோ ஒருவர் தலையில்தான் வந்து விழும். இது அவருக்காக எழுதியது. மென்பொருளைக் கற்றுக்கொடுப்பது இங்கே நோக்கமில்லை. புகாரை எப்படிக் கேட்பது, எதை முதலில் பார்ப்பது, எதை மென்பொருளை உருவாக்குபவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பயனர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் கோளாறு கண்ணில் பட்ட இடத்தைத்தான் அவர் சொல்கிறார். கோளாறு பிறந்த இடம் வேறு. வரைபடம் காணாமல் போனால் காரணம் கோப்பின் ஆயத்தொலைவில் இருக்கும். எழுத்து உடைந்தால் இரண்டு மாதத்துக்கு முன் யாரோ எக்செலில் சேமித்த விதத்தில் இருக்கும். அதனால் “உங்க டேட்டாதான் தப்பு” என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். சரியாகவே இருந்தாலும், அந்தப் பதிலைக் கேட்டவர் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார். அவர் வராவிட்டால் மென்பொருளில் உண்மையாகவே இருக்கும் குறையும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எந்தப் புகாருக்கும் முன்னால்

பதிப்பைக் கேளுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஆண்டுக்கு ஒன்றை நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வைத்துத் தொடர்ந்து பிழைதிருத்தம் தருகிறார்கள், 3.28, 3.34, 3.40 எல்லாம் அந்த வகை. “லேட்டஸ்ட்தான் சார்” என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்து, அங்கே உள்ள விவரத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். க்யூஜிஐஎஸ் உள்ளே பயன்படுத்தும் க்யூடி, ஜிடால், ப்ராஜ் என்ற நிரல் நூலகங்களின் பதிப்பு எண்களும் அதில் சேர்ந்தே வரும்.

அடுத்தது படம். செல்போனில் கோணலாக எடுத்த படமோ, நடுவில் மட்டும் வெட்டிய படமோ உதவாது. முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் வேண்டும். கீழே வலது மூலையில் ப்ராஜெக்ட்டின் இபிஎஸ்ஜி எண் இருக்கும். இடத்தை எண்களால் குறிக்கும் ஆய முறையின் (சிஆர்எஸ்) அடையாள எண் அது. இடப்பக்கம் லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு) பெயருக்கு அருகே கேள்விக்குறி இருந்தால் அந்த லேயருக்கு ஆய முறை குறிக்கப்படவில்லை. சிறிய சிப் போன்ற குறி இருந்தால் அது தற்காலிக லேயர். மேலே மஞ்சள் பட்டையில் ஏதாவது செய்தி நிற்கும். பயனர் கண்ணில் படாத இந்த மூலைகளில்தான் பாதி விடை இருக்கிறது.

மூன்றாவதாகக் கோப்பு. முழுக் கோப்பும் வேண்டாம், பத்து வரிசை போதும். வார்த்தையில் விவரித்த தரவைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்லப் போனால் மூன்று நாள் கடிதப் போக்குவரத்துதான் மிஞ்சும்.

“லேயர் சேர்த்தேன், ஒண்ணுமே தெரியல”

வரும் புகார்களில் இதற்குத்தான் முதலிடம். லேயர் பெயரின் மேல் வலது கிளிக் செய்து ‘ஜூம் டு லேயர்’ கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் போட்டு, அவருடைய ஊர் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். விழுந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கணக்கே வேண்டியதில்லை, உலக வரைபடம் ஒன்று போதும்.

சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சற்று வடக்கே கிடக்கின்றனவா? அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. சென்னை ஏறத்தாழ 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் 80.27 வடக்கு, 13.08 கிழக்கு, அதாவது துருவத்துக்குப் பக்கம். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) சேர்க்கும்போது எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகையும் ஒய் கட்டத்தில் அட்சரேகையும் வர வேண்டும். “லாட், லாங்” என்று சொல்லிப் பழகியவர்கள் அதே வரிசையில் நிரப்பிவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில், நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டும் இடத்தில் எல்லாப் புள்ளியும் குவிந்து கிடக்கிறதா? பாகையில் இருக்கும் தரவை மீட்டர் என்று சொல்லி 3857 என்ற இணைய வரைபட ஆய முறையில் ஏற்றியிருக்கிறார்கள். 80 பாகை 80 மீட்டராகிவிட்டது. அதே தவறை யூடிஎம் 44இல் (உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறையின் 44ஆம் மண்டலம்) செய்தால் புள்ளிகள் கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகுதூரத்தில், நிலநடுக்கோட்டில் கடலுக்குள் போய் விழும்.

ஊரின் வடிவம் அப்படியே இருக்கிறது, ஆனால் மொத்தமும் ஆறு பாகை கிழக்கே அல்லது மேற்கே நகர்ந்திருக்கிறதா? அப்படியானால் யூடிஎம் மண்டலம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடக்கக் காரணம், 43ஆம் மண்டலத்தையும் 44ஆம் மண்டலத்தையும் பிரிக்கும் 78 பாகைக் கோடு மாநிலத்தின் நடுவே ஓடுவதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி எல்லாம் 43. சேலம், மதுரை, தூத்துக்குடி, சென்னை எல்லாம் 44. திண்டுக்கல் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது, கரூர் கிழக்கே. 44இல் அளந்த சென்னைக் கோப்புக்கு 43 என்று பெயர் கொடுத்தால் நகரம் மங்களூருக்கு மேற்கே அரபிக்கடலில் தெரியும். 43இல் அளந்த கோவைக்கு 44 என்று கொடுத்தால் வங்கக்கடலில் தெரியும். இபிஎஸ்ஜி எண்கள் 32643, 32644.

இலங்கையிலிருந்து கேட்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. கண்டவல என்ற அளவைத் தளத்தில் (டேட்டம்) அமைந்த பழைய இலங்கைக் கட்டத்தில் (5234) தொடக்கப் புள்ளிக்கு 200000, 200000 என்ற மதிப்பு. 1999இல் வந்த புதிய கட்டத்தில் (5235) அதே இடத்துக்கு 500000, 500000. பழைய தாளிலிருந்து எடுத்த எண்களுக்குப் புதிய கட்டத்தின் பெயரைக் கொடுத்தால் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ 300 கிலோமீட்டர் மேற்கும் 300 கிலோமீட்டர் தெற்குமாக நகர்ந்துவிடும். எண்களைப் பார்த்தாலே பல நேரம் சொல்லிவிடலாம்: இலங்கைத் தீவுக்குள் இருக்கும் ஒரு புள்ளியின் கிழக்கு மதிப்பு ஒன்றரை லட்சம் என்று வந்தால் அது பழைய கட்டம்.

நகர்வு சிறியது, நூறு இருநூறு மீட்டர் அளவில்தான் என்றால் மண்டலத்தைத் தேடாதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரி) வரையப்பட்டவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் ஒன்றென்று வைத்துத் தாளை ஜியோரெஃபரன்ஸ் செய்தால், அதாவது ஆயத்தொலைவோடு பொருத்தினால், இந்த வித்தியாசம் வரும். தாளின் ஓரத்தில் உள்ள பாகை எண்களை எந்தத் தளத்துக்கு உரியவையாகக் கொடுத்தார் என்று கேளுங்கள்.

காரணம் தெரிந்த பிறகு தீர்வில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. ‘செட் லேயர் சிஆர்எஸ்’ கோப்பின் எண்களைத் தொடாது, அந்த எண்கள் எந்த முறையைச் சேர்ந்தவை என்பதை மட்டும் அறிவிக்கும். ‘ரீப்ராஜெக்ட் லேயர்’ எண்களையே மாற்றிப் புதிய கோப்பு எழுதும். அறிவிப்பு தவறாக இருந்தால் முதலாவது. அறிவிப்பு சரியாக இருந்து, வேறு முறையில் வேண்டுமென்றால் இரண்டாவது. தவறான அறிவிப்போடு ரீப்ராஜெக்ட் செய்துவிட்டால் தவறு எண்களுக்குள்ளேயே இறங்கிவிடும், அதைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். எனவே பதில் எழுதும்போது “சிஆர்எஸ்ஸை மாத்துங்க” என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். இரண்டில் எது என்று மெனுவின் பெயரோடு எழுதுங்கள்.

இன்னொன்று. 2018இல் வந்த 3.0 முதல், வெவ்வேறு ஆய முறையில் உள்ள லேயர்களைத் திரையில் ஒன்றாகக் காட்டுவதை க்யூஜிஐஎஸ் எப்போதும் தானே செய்துகொள்கிறது. பழைய பாடக் குறிப்பை வைத்துக்கொண்டு “ஆன் தி ஃப்ளை பட்டன் எங்கே?” என்று கேட்பவர்களிடம், அந்த பட்டனுக்கு வேலை போய்விட்டது என்று சொன்னால் போதும்.

“தமிழ் எழுத்து உடையுது”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எப்படி உடைகிறது என்று படம் வாங்கிப் பாருங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ இருக்கும் வணிகக் குறியும் மாறி மாறி வருகின்றனவா? நல்ல செய்தி, தரவு பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்புகள். அந்த பைட்டுகளை விண்டோஸின் மேற்கத்திய குறியேற்றத்தில் படித்தால்தான் இந்தக் குறிகள் திரும்பத் திரும்ப வரும். லேயர் ப்ராபர்ட்டீஸில் சோர்ஸ் பகுதிக்குப் போய் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் திரும்பிவிடும். ஷேப்ஃபைலோடு (பல கோப்புகள் சேர்ந்த பழைய வரைபடத் தரவு வடிவம்) வரவேண்டிய சிபிஜி கோப்பை யாரோ அனுப்பாமல் விட்டிருப்பார்கள். அந்தக் கோப்பில் குறியேற்றத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரே வரிதானே என்று அதை வீண் என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு.

எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் மட்டுமே வருகின்றனவா? தரவு போய்விட்டது. எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தபோதே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டன. எந்த அமைப்பை மாற்றினாலும் அவை திரும்பா. மூல எக்செல் கோப்பைத் தேடி எடுத்து, ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையில் மறுபடி சேமிக்க வேண்டும். இதைப் பயனரிடம் உடனே, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். “இதை மாத்திப் பாருங்க, அதை மாத்திப் பாருங்க” என்று இழுத்தால், அதற்குள் அவர் மூலக் கோப்பின் மேலேயே எழுதிச் சேமித்துவிடக்கூடும்.

ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து பொருளில்லாத சொற்கள் போல வருகிறதா? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தரவு. அந்த எழுத்துருவை லேபிளுக்குப் போட்டால் தமிழ் தெரியும், ஆனால் தேடவோ ஜாயின் போடவோ (பொதுவான ஒரு புலத்தை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைக்கவோ) முடியாது. எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக ஒருமுறை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் வழி. வெறும் கட்டங்களாக வந்தால், லேபிளுக்குத் தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் நிர்மலாவை எடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவதுதான் பலரைக் குழப்புவது: உள்ளே தமிழ் சரியாக இருக்கிறது, ஆனால் தலைப்பு மட்டும் அறுந்துவிட்டது. ஷேப்ஃபைலின் பண்புகள் டிபிஎஃப் கோப்பில் இருக்கின்றன. அதில் புலத்தின் பெயருக்குப் பத்து பைட்டுதான் இடம். ‘பெயர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: ப, எகரக் குறி, ய, ர, புள்ளி என்று ஐந்து குறிகள், மொத்தம் பதினைந்து பைட்டு. ‘பெய’ வரைக்கும்தான் இடம். ‘பெயர்_தந்தை’, ‘பெயர்_ஊர்’ என்று இரண்டு புலம் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் அறுந்து, ஒன்றோடொன்று மோதும். உரைக்கும் இதே கதைதான். 254 பைட்டில் 84 தமிழ்க் குறிகளே அடங்கும், ஒரு முகவரியே நிரப்பிவிடும். ஆங்கிலத்தில் வேலை செய்பவர்கள் இந்தச் சுவரில் எப்போதாவது முட்டுகிறார்கள், நாம் முதல் புலத்திலேயே முட்டுகிறோம். ஜியோபேக்கேஜுக்கு மாறச் சொல்லுங்கள். 2014இல் ஓஜிசி என்ற பன்னாட்டுத் தர அமைப்பு தரமாக ஏற்ற வடிவம் அது, க்யூஜிஐஎஸ் தானாக முன்வைப்பதும் அதைத்தான். இந்த இரண்டு எல்லைகளும் அதில் இல்லை. அரசு அலுவலகம் ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டால் வேலை முழுவதையும் ஜியோபேக்கேஜில் செய்துவிட்டு, கொடுக்கும் பிரதியை மட்டும் ஷேப்ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம்.

“ஜாயின் போட்டா எல்லாமே நல்-னு வருது”

நல் என்றால் வெற்று மதிப்பு, எதுவும் சேரவில்லை என்று அர்த்தம். முதலில் இணைக்கும் புலங்களின் வகையைப் பாருங்கள். ஒரு பக்கம் எண்ணாகவும் மறு பக்கம் உரையாகவும் இருக்கும் குறியீடுகளில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். 045 என்ற சர்வே எண் 45 ஆகிவிட்டால் உரையாக உள்ள 045ஓடு அது ஒருபோதும் சேராது. சொல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் அதே வேலையைச் செய்யும். ‘ட்ரிம்’ சார்பு அதை வெட்டிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஊர்ப் பெயர்களில் சில மட்டும் சேரவில்லை என்றால், சேராத பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். கோவை, கொளத்தூர், தோவாளை, பொள்ளாச்சி என்று ஒகர ஓகாரம் உள்ளவையாகவே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கத் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஃபீல்ட் கால்குலேட்டரில் ‘லெங்த்’ சார்பை அந்தப் புலத்தின் மேல் போட்டுப் பாருங்கள்: ஒரு கோப்பில் ‘கோவை’க்கு 4 என்றும் மறு கோப்பில் 5 என்றும் வந்தால் பிடிபட்டுவிட்டது. ‘ரீப்ளேஸ்’ சார்பில், எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய எழுத்தைத் தரும் ‘சார்’ சார்பின் உதவியோடு, 3015உம் 3006உம் அடுத்தடுத்து வரும் இடத்தில் 3019ஐ வையுங்கள். அது ஓகாரம். ஒகரத்துக்கு 3014உம் 3006உம் சேர்ந்த இடத்தில் 3018. ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்குப் பதில் ‘ள’ என்ற எழுத்தையே தட்டிய இடங்களும் இருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

தமிழில் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஒருவர் இருக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய உதவிக் குறிப்புகளில் இந்தக் கோளாறு இடம்பெறுவது அரிது. அந்தப் பயனரோ தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து இருநூறு ஊர்களையும் கையால் ஒட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, பெயரை வைத்து ஜாயின் போடுவதையே தவிர்க்கச் சொல்லுங்கள். கிராமக் குறியீடு இருந்தால் அதுதான் சாவி.

“பரப்பளவு தப்பா வருது”, “பஃபர் திரையையே மூடிடுச்சு”

இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. பாகையில் உள்ள லேயருக்கு 100 என்று பஃபர் (ஒன்றைச் சுற்றிக் குறித்த தூரத்துக்கு வரையும் எல்லை) கொடுத்தால் அது 100 பாகை. பெட்டியின் ஓரத்தில் அலகு எழுதியிருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. லேயரை உரிய யூடிஎம் மண்டலத்துக்கு ரீப்ராஜெக்ட் செய்துவிட்டுப் பஃபர் போட வேண்டும்.

பரப்பளவில் கேட்க வேண்டியது எந்தச் சார்பைப் போட்டார் என்பது. டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’, ப்ராஜெக்ட்டில் குறித்த நீள்கோளத்தின் மேல் கணக்கிடும். டாலர் இல்லாமல் ஜியோமெட்ரியைக் கொடுத்துக் கேட்கும் ‘ஏரியா’, லேயரின் தட்டைத் தளத்தில் கணக்கிடும். லேயர் 3857இல் இருந்தால் இரண்டாவது சார்பு சென்னைப் பக்கம் ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூட்டிக் காட்டும்: ஒரு ஏக்கர் நிலம் 106 சென்ட் ஆகிவிடும். தெற்கே திருநெல்வேலியில் ஏறத்தாழ மூன்று விழுக்காடு. பட்டாவில் உள்ள அளவோடு ஒத்துப்பார்க்கும் வேலையில் இது சண்டையில் போய் முடியும். ஆகவே “ரெண்டுல எது சரி?” என்று கேட்பவருக்கு எண்ணை மட்டும் தராமல், எந்தத் தளத்தில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

“பென்சில் மங்கலா இருக்கு, எடிட் பண்ண முடியல”

கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சிஎஸ்வியாகச் சேர்த்த லேயர், ஜிப்புக்குள் இருந்தபடியே திறந்த ஷேப்ஃபைல், இணையச் சேவையிலிருந்து வரும் படம், முதன்மைச் சாவி இல்லாத தரவுத்தள அட்டவணை ஆகியவற்றைத் திருத்த முடியாது. ஜியோபேக்கேஜாக ஏற்றுமதி செய்தால் பென்சில் உயிர் பெறும். ஜியோபேக்கேஜே திருத்த மறுத்தால் அது அலுவலகப் பொதுக் கோப்புறையில் இருக்கிறதா, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளம். நெட்வொர்க் கோப்புறையில் பலர் சேர்ந்து எழுதுவதற்கு அது ஏற்றதல்ல. அந்த அலுவலகத்துக்கு வேண்டியது போஸ்ட்ஜிஐஎஸ் என்ற சர்வர் தரவுத்தளம்.

“நேத்து இருந்தது இன்னைக்கு இல்ல”

தற்காலிக லேயராக இருந்திருந்தால் அது போனது போனதுதான். மூடும்போது எச்சரிக்கை வந்திருக்கும், பழக்கத்தில் ‘யெஸ்’ அழுத்தியிருப்பார். வருத்தமான பதில்தான், ஆனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கோப்பு இருக்கிறது, பாதை மாறிவிட்டது என்றால் திறக்கும்போதே கிடைக்காத லேயர்களின் பெட்டி வரும். அதிலேயே புதிய இடத்தைக் காட்டலாம். வேறு கணினிக்கு அனுப்பியவர் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பியிருக்கிறாரா என்று பாருங்கள். ப்ராஜெக்ட் கோப்பில் தரவு இல்லை, தரவு இருக்கும் பாதையும் நிறமும் லேபிளும்தான் இருக்கின்றன. நூறு கிலோபைட் கோப்பைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, முழு ஆய்வையும் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த மாணவர்கள் பலர். ‘பேக்கேஜ் லேயர்ஸ்’ கருவியால் எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் அடைத்து, ப்ராஜெக்ட்டை அதே கோப்புறையில் சார்புப் பாதையோடு சேமிக்கச் சொல்லுங்கள்.

“தானா மூடிக்குது”

செட்டிங்ஸ் மெனுவில் யூசர் ப்ரொஃபைல்ஸ் போய்ப் புதிய ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள். பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) எதுவும் இல்லாத, அமைப்பு எதுவும் மாறாத க்யூஜிஐஎஸ் திறக்கும். அதில் கோளாறு வரவில்லையென்றால் மென்பொருளின் மையம் தப்பித்தது. பழைய ப்ரொஃபைலில் பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதுதான். மூடாமல் பைத்தான் பிழைச் செய்தி மட்டும் வந்தால் அதில் உள்ள பாதைகளைப் படியுங்கள். ‘பைத்தான்’ கோப்புறைக்குள் ‘பிளகின்ஸ்’, அதற்குள் ஒரு பெயர் என்று வந்தால் அந்தப் பெயர்தான் முகவரி. பிளகின் மேலாளரில் அந்த பிளகினின் பக்கத்திலேயே பிழை அறிவிக்கும் இணைப்பு இருக்கும், அங்கேதான் புகார் போக வேண்டும். பிளகின் எழுதியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள். கண்ணியமாக எழுதுங்கள்.

புதிய ப்ரொஃபைலிலும் மூடினால் ஒரே ஒரு கோப்பில்தானா, எல்லாக் கோப்பிலுமா என்று பிரியுங்கள். ஒரே கோப்பு என்றால் ‘செக் வேலிடிட்டி’, ‘ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்’ இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கோப்பும் என்றால் கிராஷ் பெட்டியில் வரும் அறிக்கையை நகலெடுத்து வாங்கி வையுங்கள். மேலே அனுப்ப அது தேவைப்படும்.

“ரொம்ப மெதுவா இருக்கு”

எது மெதுவாக இருக்கிறது? திறப்பதா, வரைவதா, கருவி ஓடுவதா? வரைவது என்றால் ஒவ்வொரு லேயராக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். இணையத்திலிருந்து வரும் அடிப்படைப் படமோ, இடவழிச் சுட்டெண் (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவும் ஸ்பேஷியல் இண்டெக்ஸ்) இல்லாத பெரிய லேயரோ ஆக இருக்கும். சுட்டெண்ணை லேயர் ப்ராபர்ட்டீஸிலேயே உருவாக்கலாம்.

“எங்க ஊர் பேரையே தப்பா போட்டிருக்கீங்க”

இது அடிப்படைப் படத்தைப் பற்றிய புகார், மென்பொருளைப் பற்றியது இல்லை. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அதில் தவறுமில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்றால் அவரே கணக்குத் தொடங்கித் திருத்தலாம், தமிழ்ப் பெயருக்குத் தனி இடமும் அதில் உண்டு. ஊரை அறிந்தவர் திருத்துவதைவிட நல்ல திருத்தம் வேறில்லை. கோபமாக வந்த ஒருவரை அப்படியே உட்காரவைத்துத் திருத்த வைத்தால், அதன்பின் அவரே அந்த வட்டாரத்தின் தெருக்களையெல்லாம் போட ஆரம்பித்துவிடுவார்.

“இதைக்கூட ஏன் இன்னும் சேர்க்கல?”

கோபத்துக்குப் பின்னால் ஒரு வேலை முடியாமல் நிற்கிறது. கேட்ட வசதியை ஓரமாக வைத்துவிட்டு, “எந்த வேலையை முடிக்கப் போனீங்க?” என்று கேளுங்கள். பாதி நேரம் வசதி ஏற்கெனவே வேறு மெனுவில் இருக்கும். மீதி நேரம் அது உண்மையான குறை.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம் இது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்களும் ஊதியம் பெறும் நிரலாளர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பிழைதிருத்தத்துக்கான செலவில் ஒரு பகுதி நன்கொடையிலிருந்து வருகிறது. “யாரும் கேக்கமாட்டாங்க” என்ற எண்ணம் தவறு. ஆனால் தமிழில் உங்களிடம் வந்த புகார் தானாக அங்கே போய்ச் சேராது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 2019 முதல் பிழைப் பதிவுகள் கிட்ஹப் என்ற இணையதளத்தில் இருக்கின்றன.

எதைக் கொண்டுபோவது? ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அவர்களில் யாரும் தவறு செய்யவில்லை, திரையில் உள்ள சொல்லோ பெட்டியோதான் வழிமாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த கேள்விகளை ஒரு தாளில் அறிகுறியோடு குறித்து வந்தால்தான் இது தெரியவரும். தமிழ் எழுத்தில் மட்டும் வரும் கோளாறுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். மற்றவர்கள் அதைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

எழுதும்போது முதலில் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கலாம். ஒரு பதிவில் ஒரு பிழை மட்டும். எந்தப் படிகளில் செய்தால் வருகிறது, என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தப் பதிப்பு, புதிய ப்ரொஃபைலிலும் வருகிறதா என்பதை எழுதிவிட்டு, கோளாறைக் காட்டும் மிகச் சிறிய கோப்பை இணையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அதைப் பார்க்கப்போகிறார். ஆகவே சரியாகத் தெரிய வேண்டிய எழுத்தின் படத்தையும் உடைந்த எழுத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று வட்டமிட்டுக் காட்டுங்கள். அந்தப் பதிவு பொதுவெளியில் இருக்கும். பட்டாதாரர் பெயர், செல்பேசி எண், பயனாளி விவரம் உள்ள புலங்களை நீக்கிவிட்டு, ஜியோமெட்ரியையும் கற்பனை ஊர்ப் பெயர்களையும் மட்டும் வைத்து அனுப்புங்கள்.

பதிவின் இணைப்பைக் கேட்டவருக்கு அனுப்பிவையுங்கள். திருத்தம் நீண்டகாலப் பதிப்பில் வரச் சில மாதங்கள் ஆகலாம் என்றும், அதுவரை எந்த மாற்றுவழியில் வேலையை ஓட்டலாம் என்றும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். திருத்தம் வந்த பதிப்பு வெளியானதும் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் கோப்பில் ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு உங்கள் தாளில் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம்.